தேர்வு விடுப்பை நம்பிப் படிப்பவர்களுக்கு உயர் மதிப்பெண் ஏன் கிட்டுவதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பல்கலைக்கழகப் பருவத் தேர்வுகள் நெருங்கும் ஒவ்வொரு முறையும், கடைசி நேரத்தில் எப்படிப் படிப்பது என்பது பற்றிய அறிவுரைகள் நாளிதழ்களின் கல்விப் பக்கங்களிலும் மாணவர்களின் கைபேசிகளிலும் நிறைந்துவிடுகின்றன. அதிகாலையில் எழுங்கள், முக்கியமான வரிகளை வண்ணப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள், குறித்ததைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள், பதற்றம் கொள்ளாதீர்கள் என்பவையே அவற்றின் சாரம். பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் பாடங்களை நெடுங்காலம் கற்பித்தவன், விடைத்தாள் மதிப்பீட்டு முகாம்களில் பல பருவங்கள் அமர்ந்தவன் என்ற முறையில், இந்த அறிவுரைகளில் பெரும்பாலானவை மாணவருக்கு உதவுவதில்லை என்று எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே ஆசிரியரிடம் கேட்டு, ஏறத்தாழ ஒரே அளவு நேரம் படிக்கும் இருவரில் ஒருவர் 90-க்கு மேல் எடுப்பதற்கும் மற்றவர் 60-ஐத் தாண்டத் திணறுவதற்கும் நான் கண்டவரை முதன்மையான காரணம் ஒன்றுதான்: முன்னவர் பருவத்தின் முதல் மாதத்திலிருந்தே புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தனக்குத் தெரிந்ததை எழுதிப் பார்க்கிறார்; பின்னவர் தேர்வறைக்குள் நுழைந்த பிறகுதான் முதன்முறையாக அதைச் செய்கிறார்.

முதலில் வினாத்தாளின் அமைப்பைப் பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில் 2021 ஒழுங்குமுறையின்படி நடைபெறும் எழுத்துத் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 100 மதிப்பெண்ணுக்கு விடையளிக்க வேண்டும். முதல் பகுதியில் பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள்; அவற்றில் எதையும் விட இயலாது. இரண்டாம் பகுதியில், பாடத்திட்டத்தின் பிரிவாகிய யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து 13 மதிப்பெண் வினாக்கள். ஒவ்வொன்றிலும் 'இது அல்லது அது' என்ற தெரிவு உண்டு என்றாலும், இரண்டும் வழக்கமாக அதே யூனிட்டிலிருந்துதான் வரும். இறுதியில் 15 மதிப்பெண்ணுக்கு ஒரு வினா. இவ்வளவும் தெரிந்திருந்தும், "ஒரு யூனிட்டைச் சாய்ஸில் விட்டுவிடலாம்" என்ற பேச்சு எல்லா விடுதிகளிலும் தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். விட்டுவிட்ட யூனிட்டின் பெரிய வினாவுக்கு 13, அதிலிருந்து வரும் இரண்டு சிறு வினாக்களுக்கு 4, ஆக 17 மதிப்பெண் எழுதத் தொடங்கும் முன்பே போய்விடுகிறது. இறுதி மதிப்பெண்ணில் 60 எழுத்துத் தேர்வுக்கும் 40 கல்லூரியின் உள்மதிப்பீட்டுக்கும் உரியவை. எஞ்சிய 83-ஐயும் ஒன்று குறையாமல் பெற்று, உள்மதிப்பீட்டில் 40-க்கு 40 வாங்கியிருந்தாலும், 83 என்பது 60-க்கு மாற்றப்படும்போது 49.8 ஆகிறது, மொத்தம் 90-ஐத் தொடாது. தேர்ச்சி மட்டும் போதும் என்பவருக்கு அந்த உத்தி உதவலாம். முதல் தரத்தை விரும்புபவர் ஐந்து யூனிட்டுகளையும் படித்தாக வேண்டும், ஐந்தையும் தேர்வுக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் படித்து முடிக்க எவராலும் முடியாது.

நேரத்தின் கணக்கும் இதைப் போன்றதே. 180 நிமிடங்களை 100 மதிப்பெண்ணுக்குப் பகிர்ந்தால் பத்துச் சிறு வினாக்களுக்கு 36 நிமிடமும், ஒவ்வொரு 13 மதிப்பெண் வினாவுக்கும் 23 நிமிடமும், 15 மதிப்பெண் வினாவுக்கு 27 நிமிடமும் கிடைக்கின்றன. படம் வரைந்து, சமன்பாட்டை வருவித்து, எண்களைப் பதிலிட்டு, அலகுடன் விடையைத் தர வேண்டிய ஒரு கணக்கை 23 நிமிடத்தில் முடிப்பது கைக்குப் பழகியிருக்க வேண்டிய வேலை. மதிப்பீட்டு முகாமில் கட்டுக்கட்டாகப் பிரிக்கும் விடைத்தாள்களில் முதல் மூன்று விடைகள் நிறைவாகவும் நான்காவது அரைகுறையாகவும் ஐந்தாவது வெறும் படத்தோடும் நின்றுபோன தாள்கள் எத்தனையோ உண்டு. அந்த மாணவருக்குப் பாடம் தெரியாது என்று சொல்ல முடியாது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு வினாத்தாளை அவர் தனியாக எழுதிப் பார்த்ததே இல்லை என்பது மட்டும் அந்தக் கையெழுத்து போகப் போகச் சிதைவதிலேயே தெரிந்துவிடும்.

மறதி எப்படி நடக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே அளந்து எழுதிவிட்டார். பொருளற்ற அசைகளின் வரிசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, வெவ்வேறு இடைவெளிக்குப் பிறகு அவற்றை மீண்டும் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். ஒரு மணி நேரத்திலேயே அந்த மிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்தது. அதன் பிறகு வீழ்ச்சி மெதுவானது. இந்த வளைகோட்டைப் பலரும் அறிவார்கள். அதே நூலில் அவர் தந்திருக்கும் இன்னொரு முடிவைத்தான் மாணவர்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு வரிசையை ஒரே நாளில் 68 முறை உருப்போட்டதால் கிடைத்த பலன், மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து 38 முறை படித்ததிலேயே கிடைத்துவிட்டது. ஏறத்தாழப் பாதி உழைப்பு மிச்சம்! வசதியோ தனிப்பயிற்சியோ இல்லாத மாணவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறென்ன இருக்க முடியும்? 2008-இல் நிக்கோலஸ் செபெடாவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, 1,350 பேருக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு, முதல் படிப்புக்கும் மறுபடிப்புக்கும் இடையே எத்தனை நாள் விடுவது நல்லது என்று சோதித்தது. ஒரு வாரத்தில் தேர்வு என்றால் ஒரு நாள் இடைவெளியும், 70 நாள் கழித்துத் தேர்வு என்றால் ஏறத்தாழ மூன்று வார இடைவெளியும் நல்ல பலன் தந்தன. ஒரு பருவத்தின் நீளத்தோடு இதைப் பொருத்திப் பார்த்தால், ஆகஸ்டில் நடத்தப்பட்ட பாடத்தைச் செப்டம்பரில் ஒருமுறை திரும்ப எடுக்காத மாணவர் நவம்பரில் அதை ஏறக்குறையப் புதிதாகவே கற்க வேண்டியிருக்கும் என்பது புலப்படும்.

திரும்ப எடுப்பது என்றால் திரும்ப வாசிப்பது என்றே பலரும் பொருள் கொள்கிறார்கள். தவறு அங்கேதான் நிகழ்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் நடத்தி 2006-இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு கட்டுரைப் பகுதியை நான்கு அமர்வுகளில் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரே அமர்வில் படித்துவிட்டு, மற்ற மூன்று அமர்வுகளில் அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது: படித்தவர்களிடம் 40, எழுதியவர்களிடம் 61. இன்னும் கவலைக்குரியது, தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கை தெரிவித்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்த பிரிவினரே. பக்கம் கண்ணுக்குப் பழகிவிடுவதால் பாடமும் மனத்தில் பதிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. தேர்வறையிலிருந்து வெளியே வந்து "எல்லாம் படித்தேன் சார், எழுதும்போது வரவில்லை" என்று கலங்கும் பிள்ளைகள் பொய் சொல்வதில்லை. அவர்கள் உண்மையிலேயே படித்தார்கள். வரவழைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். 2013-இல் ஜான் டன்லாஸ்கி தலைமையிலான உளவியலாளர்கள் பத்துப் படிப்பு முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, தன்னைத் தானே சோதித்துக்கொள்வதையும் இடைவெளி விட்டுப் படிப்பதையும் மட்டுமே உயர்ந்த பயனுடையவையாக வகைப்படுத்தினார்கள். நம் பிள்ளைகள் பெரிதும் நம்பும் வண்ணக்கோடும் மறுவாசிப்பும் குறைந்த பயனுடையவற்றின் வரிசையில் வைக்கப்பட்டன.

மேலைநாட்டு ஆய்வு என்று இதை ஒதுக்க வேண்டியதில்லை. பவணந்தி முனிவரின் நன்னூல், மாணாக்கன் நூல் பயிலும் முறையைச் சொல்லும் இடத்தில் பாடம் போற்றலையும், கேட்டவை நினைத்தலையும், வினாதலையும், வினாயவை விடுத்தலையும் சேர்த்தே வைக்கிறது. ஆசிரியர் உரைத்ததை முழுமையாக உள்வாங்கினாலும் புலமையில் கால் பங்குதான் கிடைக்கும், உடன் பயில்வோரோடு பயில்வதால் இன்னொரு கால் பங்கு வரும், பிறருக்குச் செவ்வையாக உரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்று அது பங்கு பிரித்தும் காட்டுகிறது. எடுத்துரைப்பதற்கு, அதாவது உள்ளே இருப்பதை வெளியே கொணர்வதற்கு, கேட்பதைப் போல் இருமடங்கு இடம் தந்த மரபு நம்முடையது. அதைத் தமிழ்ப் பாடத்தில் இலக்கணமாகக் கற்றுவிட்டு, மற்றப் பாடங்களில் கைவிட்டுவிட்டோம்.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது என்று பெற்றோரும் மாணவரும் கேட்கக்கூடும். வெப்ப இயக்கவியலில், ஒரு கருவிக்குள் சீராகப் பாயும் பொருளின் ஆற்றல் வரவு செலவைச் சொல்லும் நிலையான பாய்வு ஆற்றல் சமன்பாடு நடத்தப்பட்ட நாளை எடுத்துக்கொள்வோம். அன்று மாலை நோட்டைத் திறக்காமல் ஒரு வெள்ளைத்தாளில் அந்தச் சமன்பாட்டை எழுதிப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் உறுப்பும் எதைக் குறிக்கிறது என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். பிறகு நாசிலுக்கு அது எப்படிச் சுருங்குகிறது, டர்பைனுக்கு எப்படிச் சுருங்குகிறது, த்ராட்டில் வால்வில் என்தால்பி ஏன் மாறாமல் இருக்கிறது என்று தானே வருவித்துப் பார்க்க வேண்டும். இருபது நிமிடம் போதும். வராத இடங்கள் பல இருக்கும். முதல் முறை பாதிகூட வராமல் போகலாம். அதைக் கண்டு சோர்ந்துவிடக் கூடாது, ஏனென்றால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் அந்தத் தாள். பிறகே நோட்டைத் திறந்து, விடுபட்டதை வேறு நிற மையால் நிரப்ப வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பகுதியிலிருந்து ஒரு கணக்கு, மூன்று வாரம் கழித்துப் பழைய வினாத்தாளிலிருந்து ஒரு 13 மதிப்பெண் வினா, அதுவும் 23 நிமிடக் கெடுவோடு. ஒரு யூனிட் முடியும்போதெல்லாம் அந்த யூனிட்டின் சிறு வினாக்களை நண்பர் ஒருவர் கேட்க, மற்றவர் வாய்மொழியாகச் சொல்லலாம்; பேருந்துப் பயணத்திலேயே அது முடிந்துவிடும். தாளில் எழுதிப் பார்க்கும் நேரத்தில் கைபேசி வேறு அறையில் இருப்பது நல்லது.

கணக்குகளைப் பற்றித் தனியே ஒரு சொல். பொருள்களின் வலிமைப் பாடத்தில் உத்திரத்தின் தொய்வைக் காண இரட்டைத் தொகையீட்டு முறை, மெக்காலே முறை, திருப்புத்திறன் பரப்பு முறை என்று பல வழிகள் உண்டு. பாடநூலில் ஒவ்வொரு முறைக்குக் கீழும் அந்த முறையிலேயே செய்ய வேண்டிய பத்துக் கணக்குகள் இருக்கும். எந்த முறை என்பது முன்பே தெரிந்துவிடுவதால் அவை எளிதாக வந்துவிடுகின்றன. தேர்வுத்தாளில் தலைப்பு இருக்காது. பல புள்ளிச் சுமைகள் கொண்ட உத்திரத்துக்கு மெக்காலே முறை வசதி என்பதை மாணவரே கண்டுகொள்ள வேண்டும். ஆகவே பருவத்தின் பிற்பாதியில் கணக்குகளைக் கலந்து செய்வது இன்றியமையாதது. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-இல் வெளியிட்ட சோதனையில், கல்லூரி மாணவர்கள் நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் காணப் பயின்றார்கள். வகைவகையாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடும், கலந்து பயின்றவர்கள் 60 விழுக்காடும் சரியாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர்களுக்கு 20, பின்னவர்களுக்கு 63. பயிற்சியில் தடுமாறுவதைத் தன் திறமைக் குறைவு என்று எண்ணிவிடும் மாணவர்களுக்கு இந்த எண்களை ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும்.

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வரும் பிள்ளைகளின் நிலை என்னை எப்போதும் வருத்துவது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021 முதல் பொறியியல் படிப்புக்கும் கிடைத்திருப்பதால், குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக ஏராளமானோர் இன்று வகுப்பறைக்குள் வருகிறார்கள். ஆங்கிலத்தில் நடத்தப்படும் பாடம் புரியாத நிலையில், வழிகாட்டி நூலின் ஆங்கில வாக்கியங்களை எழுத்துக்கூட்டி உருப்போடுவதே படிப்பு என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். வாக்கியத்தில் ஒரு சொல் மறந்தால் விடை முழுவதும் மறந்துவிடுகிறது. இவர்களுக்கு நான் சொல்லிவந்த வழி ஒன்றுதான்: ஒரு கருத்தை முதலில் தமிழில், உங்கள் ஊர்ப் பேச்சிலேயே, ஒரு நண்பனுக்கு விளக்கிவிடுங்கள், விளக்க முடிந்த பிறகு சிறுசிறு ஆங்கில வாக்கியங்களில் நீங்களே எழுதுங்கள், கலைச்சொற்களை மட்டும் பிழையறக் கற்றுக்கொள்ளுங்கள். விடைக்குறிப்பில் மதிப்பெண் படிப்படியாகத்தான் பிரித்துத் தரப்பட்டிருக்கும். படத்துக்கு இவ்வளவு, சமன்பாட்டுக்கு இவ்வளவு, இறுதி விடைக்கு இவ்வளவு என்றே மதிப்பிடுபவர் பார்க்கிறார். நடை எளிமையாக இருப்பதால் மதிப்பெண் குறைவதில்லை. இந்த வழியைப் பிடித்துக்கொண்ட பெண்ணொருத்தி, முதல் பருவத்தில் கணிதத்தில் தேறாமல் அரியர் வைத்தவள், இறுதியாண்டில் வகுப்பின் முதல் மூவரில் ஒருத்தியாக நின்றதைக் கண்டிருக்கிறேன். அவளுடைய அறிவு இடையில் வளர்ந்துவிடவில்லை. படிக்கும் முறைதான் மாறியது.

கல்லூரிகள் செய்ய வேண்டியது இதில் நிறைய இருக்கிறது. தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்த வேண்டும் என்ற கவலையில் பல கல்லூரிகள் மாலையில் கட்டாயப் படிப்பு நேரம் வைக்கின்றன. உள்தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கு அதே விடையைப் பத்து முறை எழுதிவரும் இம்போசிஷன் தருகின்றன. படிப்பு நேரத்தில் பிள்ளைகள் திறந்த புத்தகத்தின் முன் அமர்ந்திருக்கிறார்கள், மேற்பார்வையாளரும் அமைதியைக் கண்டு நிறைவடைகிறார். பத்து முறை பார்த்து எழுதுவதில் கை உழைக்கிறது, நினைவு உழைப்பதில்லை. அந்தப் பத்து முறைக்குப் பதிலாக, மூன்று வெவ்வேறு நாட்களில் ஒவ்வொரு முறை, பாராமல் எழுதச் சொன்னால் போதும். கட்டாயப் படிப்பு நேரத்தின் கடைசி அரைமணியில் எல்லாரும் நோட்டை மூடிவிட்டு அன்று நடந்த பாடத்திலிருந்து ஒரு வினாவுக்கு விடை எழுதலாம். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. உள்தேர்வு விடைத்தாள்கள் ஒரு வாரத்துக்குள் குறிப்புரையோடு திரும்பி வர வேண்டும் என்பதையும் வற்புறுத்த விரும்புகிறேன். அடுத்த உள்தேர்வுக்கு முந்தின நாள் வெறும் மதிப்பெண்ணோடு கையில் கிடைக்கும் தாளால் மாணவர் எதையும் கற்க முடியாது. ஆசிரியர்களின் வேலைப்பளு எனக்குத் தெரியாததன்று. இருந்தாலும், பத்துப் பணிகளில் ஒன்பதை ஒத்திப்போட்டாலும் இதை ஒத்திப்போடக் கூடாது.

உறக்கத்தைப் பற்றி விரிவாக எழுத இடமில்லை. தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் 'நைட் அவுட்' போட்டுப் படிப்பதைப் பெருமையாகப் பேசும் வழக்கம் விடுதிகளில் இன்னும் இருக்கிறது. கற்றபின் உறங்கியவர்கள் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாகவே மறக்கிறார்கள் என்பதைக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் 1924-இலேயே காட்டிவிட்டார்கள். மூன்று மணி நேரம் கணக்குப் போட வேண்டிய மூளைக்கு முந்தைய இரவு ஆறேழு மணி நேர உறக்கம் தருவது படிப்பின் ஒரு பகுதியே.

பழைய வினாக்களே திரும்பத் திரும்ப வருகின்றன, தேர்ந்தெடுத்த முப்பது வினாக்களை உருப்போட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். வினாக்கள் திரும்ப வருவது உண்மை. அப்படியே வராமல் எண்கள் மாறி, சுமையின் இடம் மாறி, கேட்கும் கோணம் மாறி வருவதும் உண்மை. உருப்போட்டவர் 50-ஐயோ 60-ஐயோ எட்டிவிடுவார். அதற்கு மேலுள்ள ஒவ்வொரு மதிப்பெண்ணும் மாறிவந்த வினாவைக் கையாளும் திறனுக்குத்தான் தரப்படுகிறது. மதிப்பெண் மட்டுமே வாழ்க்கையா என்ற கேள்வியையும் நான் மதிக்கிறேன். ஆனால், செல்வாக்கும் அறிமுகமும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வேலைவாய்ப்பு முகாமின் முதல் வாயிலைத் திறந்து தருவது அந்தச் சான்றிதழில் உள்ள எண்தான். நின்றுபோன அரியர்கள் அந்த வாயிலிலேயே தடுத்துவிடுகின்றன. வசதியுள்ளவர்கள் மதிப்பெண்ணை அலட்சியமாகப் பேசலாம், இவர்களால் முடியாது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வெளியிடும் படிப்புக் குறிப்புகளை, ஒற்றைப்படைப் பருவத்துக்கும் இரட்டைப்படைப் பருவத்துக்கும் வகுப்புகள் தொடங்கும் வாரங்களுக்கே மாற்றி வெளியிடுங்கள். அதோடு, வாரம் ஒரு பாடத்திலிருந்து ஒரு பெரிய வினாவை விடையின்றி அச்சிட்டு, விடைக்குறிப்பையும் படிப்படியான மதிப்பெண் பகிர்வையும் அடுத்த வாரம் வெளியிடலாம். முதலாண்டுக் கணிதம், இயற்பியல், பொறியியல் வரைபடம் ஆகியவற்றிலிருந்து தொடங்கினால் மிகப் பலருக்குப் பயன்படும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் இந்தப் பணியை ஊதியமின்றிச் செய்து தர முன்வருவார்கள். அவர்களில் ஒருவனாக என்னையும் கணக்கில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பொறியியல் கல்லூரி ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.